பல துறைகள் கூடும் ஆய்வகம்: அங்கே பயின்றவர்கள் பிறகு எங்கே போகிறார்கள்?

(நமது அறக்கட்டளையின் ஆண்டுக் கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில், ஓய்வுபெற்ற அறிவியல் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

  

செயலாளர் அவர்கள் இந்தத் தலைப்பை எனக்குக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகளில் சிலர் இப்போது எம்.எஸ்சி.யோடு நிற்பதில்லை. அல்ஹம்துலில்லாஹ், ஆராய்ச்சிக்கும் போகிறார்கள். அதிலும் இயற்பியல் படித்த பிள்ளை உயிரியல் ஆய்வு மையத்துக்குப் போகிறது. கணிதம் படித்த பிள்ளை நோய் பரவுவதைப் பற்றி ஆராயப் போகிறது. அறக்கட்டளையின் விண்ணப்பப் படிவத்தில் மருத்துவத்துக்குக் கட்டம் இருக்கிறது, பொறியியலுக்கு இருக்கிறது, பி.காம்.முக்கும் பாலிடெக்னிக்குக்கும் இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் மட்டும் 'இதர' என்ற கட்டத்தில் வந்து நிற்கிறார்கள். பெற்றோர் கேட்பதோ ஒரே கேள்விதான்: "இதைப் படித்து முடித்தால் பிறகு என்ன ஆவார்கள்?"

நியாயமான கேள்வி. ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகக்கூடிய படிப்பு. வீட்டில் தங்கையின் திருமணம் இருக்கும், வாப்பாவின் கடைக்கடன் இருக்கும். 'அறிவுக்கு எல்லை இல்லை' என்று மேடையில் சொல்லிவிட்டுப் போவது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது. ஆகவே, உண்மையில் அப்படிப்பட்ட இடங்களில் இருந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதை நமக்குத் தெரிந்த இடங்களை வைத்தே பார்ப்போம். அங்கே கிடைப்பதையும் சொல்கிறேன், அதற்குக் கொடுக்க வேண்டிய விலையையும் சொல்கிறேன்.

பல்துறை ஆய்வு மையம் என்றால் என்ன?

நம் கல்லூரிகளில் இயற்பியலுக்கு ஒரு கட்டடம், வேதியியலுக்கு ஒரு கட்டடம், விலங்கியலுக்கு ஒரு கட்டடம். ஒரு துறைக்காரர் அடுத்த துறைக்குள் நுழைவது கல்லூரி நாள் விழாவன்று மட்டும். ஆனால் நோய்க்கும் தண்ணீர்ப் பஞ்சத்துக்கும் இந்தக் கட்டடப் பிரிவு தெரியாது. சர்க்கரை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மருத்துவம் இருக்கிறது, வேதியியல் இருக்கிறது, மரபியல் இருக்கிறது, புள்ளியியல் இருக்கிறது, நம் பிரியாணி அண்டாவும் இருக்கிறது. இப்படி ஒரு கேள்வியை நடுவில் வைத்து, அதைச் சுற்றிப் பல துறைக்காரர்களை ஒரே கூரையின் கீழ் உட்கார வைப்பதுதான் பல்துறை ஆய்வு மையம்.

பக்தாதின் பைத்துல் ஹிக்மாவைப் பற்றி நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அந்தப் பெருமையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட எனக்கு விருப்பமில்லை. சென்னை கிண்டியிலும், மும்பை கொலாபாவிலும், பெங்களூரிலும் நம் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

தோலிலிருந்து தொடங்கிய கதை

தோல் வணிகத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள் இந்த அவையில் இருக்கின்றன. பச்சைத் தோல் பதப்படுத்தாவிட்டால் அழுகிப்போகும், பதப்படுத்தினால் பல்லாண்டு நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தோலில் இருக்கும் முக்கியமான புரதத்தின் பெயர் கொலாஜன். பதப்படுத்தும்போது கடுக்காய்ச் சாறோ குரோமிய உப்போ போய்ப் பிணைவது அந்தக் கொலாஜனோடுதான். நம் எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இருப்பதும் அதுவே.

1952ல் ஜி.என். ராமச்சந்திரன் அவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குப் பேராசிரியராக வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. படிகங்களை எக்ஸ் கதிரால் ஆராய்பவர் அவர். உயிரியல் அவருடைய பாடமே அல்ல. அந்த நேரத்தில் ஜே.டி. பெர்னால் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி சென்னை வந்தார். கொலாஜனின் உள்ளமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்பது அவர் பேச்சில் வந்தது. ராமச்சந்திரன் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். ஆராய்வதற்குக் கொலாஜன் வேண்டுமே? கிண்டியில் இருந்த அவருடைய துறைக்கு எட்டும் தூரத்தில் 1948ல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கிருந்து மாதிரிகள் கிடைத்தன. கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜனும் அவற்றில் ஒன்று.

அவரும் கோபிநாத் கர்த்தாவும் சேர்ந்து, கொலாஜன் மூன்று இழைகள் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு என்று 1954ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு அந்த மாதிரியை மேலும் திருத்தி வெளியிட்டார்கள். 1963ல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் என்ற இரு மாணவர்களோடு சேர்ந்து, ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எந்தெந்தக் கோணங்களில் மடங்கவே முடியாது என்று காட்டும் வரைபடத்தை வெளியிட்டார். 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று உலகெங்கும் உயிர்வேதியியல் பாடநூல்களில் இன்று இருப்பது அதுதான். கிண்டியில் போட்ட கணக்கு அது.

நம் கேள்விக்கு வருவோம். அங்கே இருந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள்? கர்த்தா அமெரிக்காவின் பஃபலோ நகருக்குப் போனார். ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் முழு வடிவத்தை 1967ல் கண்டறிந்து வெளியிட்ட மூவரில் ஒருவரானார். உலகில் அதற்குமுன் முழுமையாக வடிவம் அறியப்பட்ட புரதங்களை விரல்விட்டு எண்ணலாம். ராமச்சந்திரன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போய், 1971ல் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் அங்கே பேராசிரியர்களாகி, அடுத்த தலைமுறையை உருவாக்கினார்கள். அதே 1971ல், எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து ஒரு பொருளின் உள்வடிவத்தைக் கணக்கிட்டு எடுக்கும் எளிய கணித முறை ஒன்றை ராமச்சந்திரன் லட்சுமிநாராயணன் என்பவரோடு சேர்ந்து வெளியிட்டார். இன்று மருத்துவமனையில் எடுக்கும் சி.டி. ஸ்கேனின் கணக்கீட்டில் அந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு.

தோலில் தொடங்கியது ஸ்கேன் வரை போயிருக்கிறது. அவர்கள் யாரும் "எனக்குக் கொலாஜன் மட்டும்தான் தெரியும்" என்று நின்றுவிடவில்லை. கிண்டியில் அவர்கள் கற்றுக்கொண்டது ஒரு பொருளைப் பற்றி மட்டும் அல்ல. தெரிந்த ஒரு கருவியை எடுத்துக்கொண்டு தெரியாத கேள்விக்குள் இறங்கும் துணிச்சல் அங்கே வந்தது. அது வாழ்நாள் முழுவதும் கூட வந்தது.

இயற்பியல் கூடத்தில் ஓர் உயிரியலாளர்

இரண்டாவது இடம் மும்பை. ஹோமி பாபா 1945ல் தொடங்கிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். முழுக்க இயற்பியலும் கணிதமும் கோலோச்சிய இடம். அங்கே 1962ல், முப்பது வயதான உபைத் சித்தீக்கி அவர்கள் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார்கள்.

மர்ஹூம் சித்தீக்கி அவர்கள் உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்தில் பிறந்தவர்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார்கள். பிறகு கோதுமை மரபியலில் ஆய்வு செய்யும்போது, ஆலங்கட்டி மழை விழுந்து ஆய்வுப் பயிர் முழுவதும் அழிந்தது என்று சொல்வார்கள். பயிரை நம்பியிருந்தால் இன்னும் ஒரு பருவம் காத்திருக்க வேண்டும். அவர்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குப் போய், வேகமாக வளரும் பூஞ்சையின் மரபியலில் முனைவர் பட்டம் வாங்கினார்கள். அமெரிக்காவில் பாக்டீரிய மரபியலில் வேலை செய்தார்கள். இப்படிப்பட்ட ஒருவர் இருக்கிறார் என்று பாபாவிடம் எடுத்துச் சொன்னவர் லியோ சிலார்ட். அணுக்கருத் தொடர்வினை என்ற எண்ணத்துக்கு முதலில் வடிவம் கொடுத்தவர், உலகப் போருக்குப் பின் தாமே உயிரியலுக்கு மாறிக்கொண்டவர். ஓர் இயற்பியலாளர் சொல்ல, இன்னோர் இயற்பியலாளர் ஓர் உயிரியலாளரை அழைத்துக்கொண்டார்.

அந்த இடம் சித்தீக்கி அவர்களுக்கு என்ன கொடுத்தது என்று பாருங்கள். பாக்டீரியா ஆராய்ச்சியில் பெயர் வாங்கிய பிறகு, நாற்பது வயதில் அவர்கள் கேள்வியையே மாற்றினார்கள். அமெரிக்காவில் கால்டெக் நிறுவனத்தில் சீமோர் பென்சரோடு சேர்ந்து, பழ ஈக்களின் நரம்புகளை ஆராய்ந்தார்கள். பென்சரும் இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு உயிரியலுக்கு வந்தவர்தான். சூடு ஏறினால் வாதம் வந்ததுபோல் விழுந்துவிடும், குளிர்ந்தால் எழுந்து பறக்கும் சில ஈ வகைகளை வைத்து, நரம்பில் மின்குறிப்பு ஓடுவதற்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பை 1976ல் எழுதினார்கள். பிறகு ஈ எப்படிச் சுவை அறிகிறது, எப்படி வாசனை அறிகிறது என்ற கேள்விக்குப் போனார்கள். அறுபதை நெருங்கும் வயதில், ஓய்வைப் பற்றி யோசிக்கும் காலத்தில், பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை உருவாக்கினார்கள். 2006ல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 2013ல் ஒரு சாலை விபத்துக்குப் பிறகு இறையடி சேரும் வரை ஆராய்ச்சியை விடவில்லை.

ஒரு துறைக்குள்ளேயே இருந்திருந்தால் இத்தனை முறை மாற விட்டிருப்பார்களா? "உமது பாடம் தாவரவியல்தானே, இங்கே என்ன வேலை?" என்று முதல் வாசலிலேயே கேட்டிருப்பார்கள்.

அவர்களிடம் பயின்றவர்கள்

வெரோனிகா ரோட்ரிக்ஸ் என்ற பெண்மணி கென்யாவில் பிறந்தவர். அயர்லாந்தின் டப்ளின் நகரில் நுண்ணுயிரியல் படித்தவர். சித்தீக்கியின் ஆய்வுக் கட்டுரையைப் படித்துவிட்டு, அவருக்குக் கடிதம் எழுதி, அதுவரை வாழ்ந்திராத இந்தியாவுக்கு முனைவர் பட்டத்துக்காக வந்தார். ஈக்களின் சுவை, மணம் பற்றிய ஆய்வை அவருடன் சேர்ந்து தொடங்கினார். 1981ல் பட்டம். பிறகு ஜெர்மனியில் சில ஆண்டுகள். திரும்பி வந்து அதே மும்பை நிறுவனத்தில் உயிரியல் துறைக்குத் தலைமை ஏற்றார். புற்றுநோயோடு போராடியபடி 2010ல் மறையும் வரை மாணவர்களை உருவாக்கினார். நுண்ணுயிரியல் படித்துவிட்டு நரம்பியலுக்கு வந்த பெண்மணி ஒரு துறைக்கே தலைவியானார். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொருவர் கே. விஜயராகவன். கான்பூர் ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்தவர். வேதிப் பொறியாளர் என்றால் சுத்திகரிப்பு ஆலைக்கும் உர ஆலைக்கும் போவார்கள். இவர் மும்பைக்கு வந்து மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கினார். கால்டெக் போய்த் திரும்பி, பெங்களூரு மையத்தில் சேர்ந்து, 1996 முதல் 2013 வரை அதன் இயக்குநராக இருந்தார். பிறகு மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். 2018 முதல் 2022 வரை அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர். கொரோனா வந்த ஆண்டுகள் அதில் அடங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர், புள்ளியியலாளர், பொறியாளர், மருந்து நிறுவனத்தார், அரசு அதிகாரி என்று எல்லாத் தரப்பையும் ஒரே மேசையில் வைத்துப் பேச வேண்டிய வேலை அது. அப்படிப் பேசும் பழக்கம் பதவிக்கு வந்த பிறகு திடீரென்று வருவதில்லை. ஆய்வகத்தில் அடுத்த இருக்கையில் வேறு துறைக்காரர் இருந்த நாட்களில் வந்திருக்க வேண்டும்.

இவர்கள் எல்லோரும் உச்சிக்குப் போனவர்கள். எல்லாப் பிள்ளைகளும் இப்படி ஆவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த மையங்களில் பயின்றவர்கள் பிற்காலத்தில் எடுத்துச் செல்வது மூன்று பொருட்கள் என்பதை இவர்களை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

ஒன்று, கேள்வியை மாற்றும் துணிவு. ஒரு கருவி பழசாகிவிட்டால், ஒரு துறை தேங்கிவிட்டால், அவர்களால் நகர முடியும்.

இரண்டு, அடுத்தவர் மொழியில் பேசும் பழக்கம். 'மாதிரி' என்ற சொல்லை மருத்துவர் சொன்னால் ஒரு பொருள், கணிதக்காரர் சொன்னால் இன்னொரு பொருள். அந்த வேறுபாடு தெரிந்தவர்களுக்கு மருந்து நிறுவனத்திலும், மருத்துவமனைத் தரவுப் பிரிவிலும், காப்புரிமை அலுவலகத்திலும், அறிவியல் இதழ்களிலும், அரசுத் திட்டங்களிலும் வேலை இருக்கிறது. முனைவர் பட்டம் வாங்கினால் கல்லூரி வாத்தியார் வேலை ஒன்றுதான் என்ற காலம் போய்விட்டது.

மூன்று, மனிதர்கள். ஒரே துறையில் பயின்றவருக்கு அந்தத் துறையில் பத்துப் பேரைத் தெரியும். இங்கே பயின்றவருக்கு ஐந்து துறைகளில் இருவர் இருவரைத் தெரியும். பின்னாளில் ஒரு கதவு மூடினால் தட்டுவதற்கு வேறு கதவு இருக்கும்.

கொடுக்க வேண்டிய விலை

இனிப் பெற்றோர் கவனித்துக் கேட்க வேண்டிய பகுதி.

வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் அவர்கள் நம் சிதம்பரத்தில் 1952ல் பிறந்தவர். பரோடாவில் இயற்பியல் பட்டம், அமெரிக்காவின் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் 1976ல் இயற்பியலில் முனைவர் பட்டம். பட்டம் வாங்கிய கையோடு, தனக்கு உயிரியல்தான் வேண்டும் என்று முடிவு செய்து, கலிஃபோர்னியாவில் மறுபடியும் மாணவராகப் போய் உட்கார்ந்தார். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் ரிபோசோம் ஆராய்ச்சி. அதன்பின் வேலை தேடினார். ஏறக்குறைய ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. இயற்பியலிலும் சேராமல், முழு உயிரியலாளராகவும் தெரியாமல் இருந்த ஒருவரை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஓக் ரிட்ஜ், புரூக்ஹேவன் என்ற தேசிய ஆய்வகங்களில் பல ஆண்டுகள் போயின. நடுவில் ஓர் ஆண்டு விடுப்பில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்துக்குப் போய்ப் படிகவியல் கற்றுக்கொண்டார். 1999ல், சம்பளம் குறையும் என்று தெரிந்தே, அங்கேயே நிரந்தரமாகப் போய்ச் சேர்ந்தார். 2009ல் வேதியியலுக்கான நோபல் பரிசு. இயற்பியல் படித்து, உயிரியல் ஆராய்ந்து, வேதியியலில் பரிசு!

அந்தக் கேம்பிரிட்ஜ் ஆய்வகமும் பல்துறை மையங்களுக்கெல்லாம் மூத்த ஒன்று. அதைத் தொடங்கிய மாக்ஸ் பெரூட்ஸ் வேதியியல் படித்தவர். இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் வடிவத்தைத் தேடி 1930களில் புறப்பட்டவருக்கு 1950களின் முடிவில்தான் விடை கிடைத்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேல்! அங்கே இருந்த பிரான்சிஸ் கிரிக் இயற்பியல் படித்தவர், போரினால் படிப்பு தடைப்பட்டவர். டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த ஆண்டில்தான் அவருக்கு முனைவர் பட்டமே கிடைத்தது. இந்தக் கதைகளில் எல்லாம் முடிவு நன்றாக இருக்கிறது. ஆனால் நடுவில் இருந்த நீண்ட ஆண்டுகளை யார் தாங்கினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே ஒரு நிறுவனம் தாங்கியது.

இது தனிமனிதர் சிலருடைய அனுபவம் மட்டும் அல்ல. ஆஸ்திரேலியாவில் ஐந்து ஆண்டுகளில் நிதி கேட்டு வந்த 18,476 ஆய்வுத் திட்டங்களை அலசி 2016ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். திட்டம் எந்த அளவுக்குப் பல துறைகளைக் கலந்ததோ, அந்த அளவுக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு குறைந்தது என்று கண்டார்கள். அமெரிக்காவில் ஆய்வு மையங்களைச் சேர்ந்த சுமார் 900 விஞ்ஞானிகளின் ஏறத்தாழ 32,000 கட்டுரைகளை வைத்து 2017ல் வந்த இன்னோர் ஆய்வு, பல துறை கலந்து வேலை செய்பவர்கள் வெளியிடும் கட்டுரைகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் மற்றவர்கள் அவற்றை அதிகமாக எடுத்தாளுகிறார்கள் என்று காட்டியது. அதாவது பெயர் கிடைக்கும், ஆனால் தாமதமாகும். தாமதத்தைத் தாங்க வசதி இருப்பவர் நிற்பார், இல்லாதவர் பாதியில் விட்டுவிட்டுப் போவார். நம் பிள்ளைகளுக்கு ஆபத்து இருப்பது இந்த இடத்தில்தான்.

நம் நாட்டில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. கல்லூரிப் பேராசிரியர் பணிக்கான விளம்பரத்தைப் பாருங்கள். 'உரிய அல்லது தொடர்புடைய அல்லது இணைப் பாடத்தில்' முதுகலைப் பட்டம் வேண்டும் என்று இருக்கும். 'தொடர்புடைய' என்ற அந்த ஒரு சொல்லுக்கு ஒவ்வொரு தேர்வுக் குழுவும் ஒவ்வொரு விளக்கம் சொல்லும். என்னிடம் வேதியியல் படித்த மாணவர் ஒருவர், ஒரு நல்ல மையத்தில் உயிர் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கி வந்தார். ஒரு கல்லூரியில் வேதியியல் துறையார் "இவர் உயிரியல்காரர்" என்றார்கள், உயிரியல் துறையார் "இவர் வேதியியல்காரர்" என்றார்கள். இரண்டு ஆண்டுகள் அலைந்த பிறகு ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு அவரை எடுத்துக்கொண்டது. இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் வீட்டில் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

மாணவர்களுக்குச் சில வார்த்தைகள்

தம்பிகளே, தங்கைகளே! போக வேண்டாம் என்று சொல்ல இத்தனையும் சொல்லவில்லை. தயாராகப் போங்கள் என்கிறேன்.

முதலில், ஒரு பாடத்தில் ஆழமாக வேர் விடுங்கள். ராமச்சந்திரனுக்கு எக்ஸ் கதிர் ஆழமாகத் தெரிந்திருந்ததால்தான் கொலாஜனுக்குள் இறங்க முடிந்தது. எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்தவர் எந்த மையத்துக்கும் தேவைப்படுவதில்லை.

உங்கள் முதுகலைப் பாடத்திலேயே நெட் தகுதித் தேர்வை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் கல்லூரி வேலைக்குப் போக நினைத்தால் 'இவர் எந்தப் பாடம்' என்ற கேள்விக்கு அந்தச் சான்றிதழ் பதில் சொல்லும்.

மையத்தில் சேருமுன், வழிகாட்டியாக வரப்போகிறவரிடம் தயங்காமல் கேளுங்கள்: "உங்களிடம் இதுவரை பட்டம் வாங்கியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள்?" நல்ல வழிகாட்டி கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவே உங்களுக்குப் பதில்.

கூட்டு ஆராய்ச்சியில் பத்துப் பெயர்களுக்கு நடுவே உங்கள் பெயர் கரைந்துபோகும். ஒரு கட்டுரையிலாவது முதல் பெயர் உங்களுடையதாக இருக்கும்படி, 'இந்தப் பகுதி என் வேலை' என்று காட்டும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இந்தக் கதவுகள் நீங்கள் நினைப்பதைவிட அகலமாகத் திறந்திருக்கின்றன. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் இயற்பியல், கணிதம், பொறியியல், மருத்துவம் படித்தவர்களையும் முனைவர் பட்டத்துக்கு எடுக்கிறது. சென்னைத் தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தில் கணினிவழி உயிரியல் ஆராய்ச்சி நடக்கிறது. அறிவியல் அகாதமிகள் கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்களுக்கு ஆய்வகப் பயிற்சி தருகின்றன. இரண்டு மாதம் அப்படி ஓர் இடத்தில் இருந்து பாருங்கள். அந்த வாழ்க்கை ஒத்துவருமா, வராதா என்பது ஆறு ஆண்டைக் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோள்

நிர்வாகிகள் நான்கு விஷயங்களை மஷூராவில் வைத்து முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, படிவத்தில் 'ஆராய்ச்சி' என்று ஒரு கட்டம் போடுங்கள். சிறிய விஷயம்தான். ஆனால் படிவத்தில் இடம் இருந்தால்தான் நமக்கும் இது உரியது என்று பிள்ளைகள் நினைப்பார்கள்.

இரண்டாவது, இடைக்காலக் கடன். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை வென்றவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் ஆண்டிலிருந்து 42,000 ரூபாய். நல்ல தொகை. ஆனால் அது மாதாமாதம் ஒழுங்காக வந்து சேர்வதில்லை. சில நேரம் மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும். சிறுபான்மையின ஆய்வு மாணவர்களுக்கு இருந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையும் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் விடுதிக் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் வட்டியில்லாக் கடன் கொடுங்கள், பணம் வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். திறமை இல்லாமல் ஆராய்ச்சியை விட்டவர்களைவிட, இந்தச் சில மாதங்களைத் தாண்ட முடியாமல் விட்டவர்களைத்தான் நான் அதிகமாகப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, கோடைப் பயிற்சிக்கும் நேர்காணலுக்கும் போய்வரும் செலவு. ரயில் கட்டணமும் நான்கு நாள் தங்கும் செலவும் இல்லாததால் ஒரு பிள்ளை நேர்காணலுக்குப் போகவில்லை என்ற பேச்சு நம் மஹல்லாவில் இருக்கக் கூடாது.

நான்காவது, நம்மவர்களில் ஆராய்ச்சி முடித்தவர்களின் பட்டியல் ஒன்று தயாரியுங்கள். மருந்து நிறுவனத்தில் இருப்பவர், வெளிநாட்டில் இருப்பவர், கல்லூரியில் இருப்பவர், பாதியில் விட்டு வேறு தொழிலுக்குப் போனவர் எல்லோரும் அதில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை புதிய மாணவர்களோடு அவர்களை உட்கார வையுங்கள். பெற்றோரின் கேள்விக்கு என்னைவிட அவர்கள் நன்றாகப் பதில் சொல்வார்கள்.

பெற்றோர்களிடம் ஒரு சொல். உங்கள் பிள்ளை போகும் பாதையில் ஒவ்வொரு மைல்கல்லிலும் ஊர்ப் பெயர் எழுதியிருக்காது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு எந்தப் பதவி என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எந்தத் திசையிலும் நடக்கத் தெரிந்த பிள்ளையாகத் திரும்பி வரும். பதினைந்து ஆண்டுகளில் பல வேலைகள் மறைந்து பல வேலைகள் பிறக்கப்போகும் இந்தக் காலத்தில் அதுவும் ஒரு சொத்துதான். நடுவில் இருக்கும் கடினமான ஆண்டுகளை அந்தப் பிள்ளை தனியாகச் சுமக்க வேண்டாம். நாம் கொஞ்சம் தோள் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.